எடை தேறியவனும் எடை குறைந்தவளும்: குறைமாத இரட்டையர் வீட்டில் வளர்ச்சி ஆதரவு – ஒரு நிகழ்வு ஆய்வு

குடும்பத்தின் ஒப்புதலுடன் எழுதப்படுகிறது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் நடந்தது. தாய்க்கு 23 வயது, முதல் பிரசவம், இரட்டைக் கரு. தந்தைக்குத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை; வாரம் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். 31-ஆம் வாரத்தில் திடீரென்று வலி கண்டு 108-இல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தைகளின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசி ஒரு டோஸ் மட்டுமே போட நேரம் இருந்தது.

முதலில் பிறந்த பையன் 1,450 கிராம், பின்னால் வந்த பெண் 1,120 கிராம். பையனுக்கு மூச்சுத் திணறல் இருந்ததால் சில நாள் சிபாப் (மூக்கு வழியே சீரான அழுத்தத்தில் காற்று செலுத்தும் கருவி) வைத்தார்கள். மஞ்சள் காமாலைக்கு விளக்கொளி சிகிச்சையும் நடந்தது. பெண்ணுக்கு மூச்சு அவ்வளவு தொல்லை தரவில்லை, பால்தான் ஏறவில்லை. கொடுத்தால் வயிறு உப்பும், நிறுத்துவார்கள், மறுபடி சொட்டுச் சொட்டாகத் தொடங்குவார்கள். போதாததற்கு விழித்திரைப் பரிசோதனையில் அவளுக்கு இரண்டாம் நிலை பாதிப்பு தெரிந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்த நாளங்கள் முழுதாக வளர்ந்திருக்காது. வளர்கிற வழியில் அவை கோணிப்போனால் பார்வையே போகலாம். அதனால்தான் 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 2 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் பிறந்து நான்கு வாரத்துக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

36-ஆம் நாள் இருவரையும் ஒன்றாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். பையன் 1,960 கிராம், பெண் 1,580 கிராம். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெண்ணைப் பற்றி ஒன்றரைப் பக்கம். பையனைப் பற்றி அரைப் பக்கம். அதில் கடைசிக்கு முந்தைய வரி: தலை ஸ்கேனில் மூளை நீர் அறைகளின் ஓரம் சற்று வெளுப்பாகத் தெரிகிறது, மறு ஸ்கேன் தேவை.

குறைமாதக் குழந்தைகளின் வீடுகளுக்கே போய் வளர்ச்சிக்கு உதவும் எங்கள் குழு சிறியது. நான் பிசியோதெரபி படித்தவள். வீடுகளுக்குப் போவது பெரும்பாலும் நானும் ஒரு சிறப்புக் கல்வியாளரும். மருத்துவ ஆலோசனைக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரம் கண்டு உதவும் அரசு மையம்). எந்தக் குழந்தையை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பதை அப்போது பிறப்பு எடையை வைத்து முடிவு செய்வது வழக்கம். 1,250 கிராமுக்குக் கீழ் என்றால் வாரம் ஒருமுறை, அதற்கு மேல் என்றால் மாதம் ஒருமுறை. ஆக, வாரந்தோறும் அந்த வீட்டுக்குப் போனது பெண்ணுக்காக. பையன் கூட இருந்தான், அவ்வளவுதான்.

தாய்வீட்டில் முதல் வாரங்கள்

சிமெண்ட் ஷீட் போட்ட இரண்டு அறை வீடு. தாயின் அம்மா, கல்யாணமாகாத தம்பி, எப்போதும் ஓடும் டிவி, குழந்தை பார்க்க வரும் ஊர். தாய் சொன்ன முதல் புகார்: "பாப்பா பால் குடிக்கும்போதே தூங்கிப் போயிடுது மேடம். கிள்ளி எழுப்பினாலும் குடிக்க மாட்டேங்குது."

முதல் இரண்டு வாரம் நாங்கள் எந்தப் பயிற்சியும் சொல்லித் தரவில்லை. குழந்தை என்ன சொல்கிறது என்று தாயும் நாங்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். கர்ப்பக் கணக்கில் 36, 37 வாரப் பருவத்தில் இருக்கும் குழந்தைக்கு ஒரே நேரத்தில் வெளிச்சம், சத்தம், கைமாற்றம், பால் எல்லாம் சேர்ந்தால் தாங்காது. தாங்கவில்லை என்பதை அழுது சொல்லவும் தெம்பு இருக்காது. விக்கல், தும்மல், விரல்களை அகல விரித்தல், முகத்தைத் திருப்பிக்கொள்ளல், தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுதல், கடைசியில் தூக்கம். பெண் பால் குடிக்கும்போது தூங்கியது சோம்பலால் அல்ல, களைப்பால். கிள்ளக் கிள்ள இன்னும் களைத்தாள்.

தாய் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். டிவியை முன்னறைக்கு மாற்றச் சொன்னதும் அவர்தான், நாங்கள் அல்ல. பத்து நிமிடம் மார்பில், மீதியைப் பீய்ச்சிய பாலாகப் பாலாடையில், நடுவில் ஓய்வு. மற்ற நேரங்களில் நைட்டிக்குள் தோலோடு தோலாக மார்பில் சாய்த்துக் கட்டிக்கொள்வது. இரண்டு குழந்தைகளையும் ஒருத்தியே நாளெல்லாம் சுமக்க முடியாது என்பதால் ஆயாவுக்கும் (தாயின் அம்மா) கற்றுத் தந்தோம். ஞாயிற்றுக்கிழமை தந்தையும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். தெருக்காரர்கள் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. மார்பில் கிடக்கப் பெண்ணுக்கே முன்னுரிமை. பையன் தூளியில் நன்றாகத் தூங்குகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

குளியல்தான் இழுபறியாயிற்று. எடை 2 கிலோ தாண்டும்வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றோம். ஆயா காலை நீட்டி உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டக் காத்திருந்தவர். நானும் அப்படிக் காலில் கிடந்து வளர்ந்தவள்தான். அதை முழுதாக மறுக்க எனக்கு மனமும் இல்லை, காரணமும் இல்லை. மூக்கில் ஊதுவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை, நாக்கில் உரைமருந்து இவற்றை விட்டுவிடச் சொன்னோம். எடை வந்த பிறகு தேங்காய் எண்ணெய் தேய்த்துக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவது அப்படியே இருக்கட்டும் என்றோம். "அப்ப சரி" என்றார் ஆயா. புகை மட்டும் வெள்ளிக்கிழமைகளில் வேறு அறையில் தொடர்ந்தது.

பெண்ணின் கண்ணுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை தேவைப்பட்டது. ஒரு தேதி தவறினாலும் ஆபத்து என்பதால் அந்த நாட்களில் எங்கள் பணியாளர் ஒருவர் கூடவே போனார். லேசர் இல்லாமலே பாதிப்பு பின்வாங்கியது. பிரசவத் தேதி குறித்திருந்த வாரத்தைத் தாண்டும்போது அவள் எடை இரண்டேகால் கிலோ. வீட்டில் நிம்மதி வந்தது.

பையனிடம் கண்டவை

அந்த வீட்டில் பையனைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. பால் குடித்தான், எடை போட்டான். எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது: இரட்டையர் வீட்டில் யாருக்காகப் போனாலும் இருவரையும் துணி நீக்கிப் பாயில் பக்கம் பக்கமாகக் கிடத்திச் சற்று நேரம் தொடாமல் பார்ப்பது. அதில்தான் தெரிந்தது.

பெண் கைகால்களை வளைத்து, நீட்டி, தாறுமாறாக அசைத்தாள். ஒரு கால் உதைக்கும்போது மற்றது மடங்கும். பையனின் இரண்டு கால்களும் ஒன்றாகவே நீண்டன, ஒன்றாகவே விறைத்தன. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது. பிறந்த புதிதில் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி இருக்கலாம். ஆனால் திருத்திய வயது இரண்டு மாதம் ஆனபோது பெண்ணின் கை பெரும்பாலும் திறந்திருக்க, இவன் கை மூடியே இருந்தது. தூக்கினால் தலையைப் பின்னுக்குத் தள்ளி முதுகை வளைத்தான். அதைத்தான் "கழுத்து நின்னுடுச்சு" என்று குடும்பம் சொன்னது.

இந்த இடத்தில் திருத்திய வயதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்பது வாரம் முன்னால் பிறந்த குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும்போது பிறந்த தேதியிலிருந்து எண்ணிய வயதில் ஒன்பது வாரத்தைக் கழித்துக்கொள்கிறோம். பொதுவாக இரண்டு வயதுவரை இப்படி. (தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படியே.) இந்தக் கணக்கு பெற்றோருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் குழந்தை எப்போது செய்கிறது என்பதற்குத்தான் இது விடை சொல்லும். எப்படிச் செய்கிறது என்பதற்குச் சொல்லாது. கால்கள் சேர்ந்து விறைப்பதை எத்தனை வாரம் கழித்தாலும் விளக்க முடியாது. கிராம சுகாதார செவிலியரும், உள்ளூர் மருத்துவரும், எங்கள் குழுவிலேயே ஒருவரும் முதலில் சொன்ன பதில் "குறைமாசம்தானே, மெதுவாத்தான் வரும்" என்பதே. பையனோ எதிலும் மெதுவாக இல்லை. திருத்திய வயது இரண்டரை மாதத்திலேயே, தலையைப் பின்னுக்கு எறிந்து உடம்பு மொத்தமும் ஒரு பலகைபோலப் புரண்டான். குப்புற விழுந்துவிட்டான் என்று கொழுக்கட்டை செய்து தெருவுக்குக் கொடுத்தார்கள். எனக்கும் இரண்டு வந்தன.

டிஸ்சார்ஜ் சம்மரியை மறுபடி எடுத்துப் படித்தோம். மறு ஸ்கேன் எடுக்கப்படவே இல்லை. பெண்ணின் கண் பரிசோதனை ஓட்டத்தில் அந்த வரியை யாரும் பின்தொடரவில்லை.

சொல்வதா, காத்திருப்பதா

திருத்திய வயது 13-ஆம் வாரத்தில் மூன்று வேலைகள் செய்தோம். முதலாவது, பையன் விழிப்பாகவும் அமைதியாகவும் கிடக்கும்போது மூன்று நிமிடம் மொபைலில் வீடியோ. குறித்திருந்த பிரசவத் தேதிக்குப் பின் மூன்றாம் மாதம் முதல் ஐந்தாம் மாதம்வரை ஆரோக்கியமான குழந்தையின் கழுத்து, தோள், இடுப்பு, மணிக்கட்டு என்று உடல் முழுதும் சின்னச் சின்ன நெளிவசைவுகள் இடைவிடாமல் ஓடும். இதைக் கணிக்கப் பயிற்சி பெற்ற மருத்துவருக்கு அனுப்பினோம்; அந்த அசைவுகள் இல்லை என்றார். இரண்டாவது, இடையீட்டு மையத்தில் ஹேமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனை (குழந்தையின் அசைவு, தசை இறுக்கம், அனிச்சைச் செயல்களுக்கு மதிப்பெண் இடுவது). மொத்தம் 78-க்கு அவன் பெற்றது 51. மூன்று மாதத்தில் 57-க்குக் கீழ் வந்தாலே எச்சரிக்கை. மூன்றாவது, உச்சிக்குழி திறந்திருக்கும்போதே மறு ஸ்கேன். நீர் அறைகள் சற்று விரிந்து, ஓரங்கள் சீரற்றிருந்தன.

இது மூளை முடக்குவாதமாக (செரிப்ரல் பால்சி: வளரும் மூளையில் நேர்ந்த சேதத்தால் அசைவும் தசைக் கட்டுப்பாடும் பாதிக்கப்படுவது) இருக்கலாம் என்று குடும்பத்திடம் இப்போதே சொல்வதா என்று குழுவில் விவாதம் நடந்தது. காத்திருக்கலாம் என்றவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. குறைமாதக் குழந்தைகள் பலருக்கு முதல் ஆண்டில் தசை இறுக்கம் வந்து, தானே மறைவதும் உண்டு. நோயின் பெயரைச் சொல்லிவிட்டு அப்புறம் இல்லை என்றால் குடும்பத்தை வீணாகப் பதறவைத்ததாகும். தாய் இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மனம் உடைந்தால் பால் குறையும். சொல்லிவிடலாம் என்றவர்களின் வாதம்: ஒரு அறிகுறி என்றால் காத்திருக்கலாம், மூன்று வேறு வேறு சோதனைகள் ஒரே திசையைக் காட்டும்போது காத்திருப்பதற்குப் பொருள் இல்லை. 2017-இல் பன்னாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையும் இதையே சொல்கிறது. நோயை உறுதி செய்ய முடியாத நிலையிலும் "மூளை முடக்குவாதத்துக்கான அதிக அபாயம்" என்று இடைக்காலமாகக் குறித்துவிட்டு உடனே தொடங்கலாம். மூளை வேகமாக வளரும் மாதங்களை உறுதிப்பாட்டுக்காக இழக்கத் தேவையில்லை.

நான் இரண்டாவது பக்கம். அதிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. நாங்கள் சொல்லித்தரப் போவது, விறைப்பு மறைந்துபோகும் குழந்தைக்கும் எந்தக் கெடுதலும் செய்யாது. ஆகவே தவறிப்போனாலும் குடும்பம் இழப்பது சில மாத நிம்மதி. சொல்லாமல் விட்டுத் தவறிப்போனால் குழந்தை இழப்பது அந்த மாதங்களை.

எப்படிச் சொல்வது என்பதை மருத்துவரோடு சேர்ந்து தீர்மானித்தோம். தந்தை ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், இருவரும் ஒன்றாக இருக்கும்போது. முதலில் நாங்கள் கண்டது. அதை அவர்களும் காணும்படி பாயில் இரு குழந்தைகளையும் கிடத்திக் காட்டுவது. அதன் பிறகு பெயர். அதன் பிறகு தெரியாதது என்ன என்பது. "நடப்பானா?" என்று தந்தை கேட்டார். இப்போது சொல்ல முடியாது, தானாக உட்காரும் வயது வரும்போது ஓரளவு சொல்ல முடியும் என்றோம். தாய் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் புறப்படும்போது, "அப்ப அன்னைக்குக் குப்புற விழுந்ததும் அதானா?" என்றார்.

புகுந்த வீட்டில்

ஏழாம் மாதம் தாயும் குழந்தைகளும் புகுந்த வீட்டுக்குப் போனார்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை மாதத்தில் அனுப்புவது நம் வழக்கம். சுகாதார அமைப்பின் பார்வையில் இது பெரிய துண்டிப்பு. செவிலியர் மாறுகிறார், ஆரம்ப சுகாதார நிலையம் மாறுகிறது, குழந்தையைத் தூக்கும் கைகளே மாறுகின்றன. தாய்வீட்டில் ஆறு மாதமாகக் கற்றுத் தந்ததில் பாதி ஆயாவிடம் தங்கிவிட்டது.

புதிய வீடு வசதியானது. மெத்தை வீடு, திண்ணை, மாமனார், மாமியார், மூத்த மருமகள், அவருடைய இரண்டு பிள்ளைகள். தூரம் கூடியதால் எங்கள் வருகை பத்து நாளுக்கு ஒருமுறை என்றாயிற்று; இப்போது பையனை மையமாக வைத்து. முதல் முறை போனபோது மாமியார் வாசலிலேயே பையனை அக்குளில் பிடித்துத் தரையில் ஊன்றிக் காட்டினார். "மேடம், இங்க பாருங்க, இப்பவே நிக்கிறான். எங்க வீட்டுப் பசங்க எல்லாரும் சீக்கிரம் நடந்தவங்க." பையன் நுனிவிரலில் நின்றான், கால்கள் கத்தரிக்கோலாகப் பின்னியிருந்தன. திருத்திய வயது ஐந்து மாதம். உள்ளே புத்தம்புது வாக்கர் இருந்தது.

மகன் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டில் ஏதோ பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணினார். தாயைப் பார்த்து, "கிரகணத்தன்னைக்கு வெளிய போனியா" என்று அவர் பல தடவை கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று நாங்கள் எதையும் விளக்கவில்லை. வாக்கரைப் பற்றியும் பேசவில்லை. மாமியார்தான் பகலில் குழந்தைகளைக் கவனிப்பவர் என்பதால், இருவருக்கும் துணி மாற்றும்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டோம். அவர் தயங்காமல் சொன்னார்: "பொண்ணுக்கு ஒரு நிமிஷம். இவனுக்குத்தான் கால் பிரியவே மாட்டேங்குது, மல்லுக்கட்டணும்." இப்போதே மாற்றிக் காட்டுங்கள் என்றோம். பெண்ணின் தொடைகளை விரித்தார், எளிதாக விரிந்தன. பையனின் தொடைகளை விரித்தார், பாதியில் நின்றன. நாங்கள் கோணமானியால் அளந்தோம். அந்த வயதில் 70 முதல் 110 பாகைவரை விரியலாம். பெண்ணுக்கு ஏறக்குறைய 100, பையனுக்கு 55. எண் அவருக்குத் தேவைப்படவில்லை. சில வாரங்களாகக் கைக்குத் தெரிந்திருந்ததை அவர் இப்போது வாயால் சொன்னார்: "இந்த வெறப்புதான் காலை ஊனுதா?"

ஆமாம் என்றோம். நிற்பது அவன் அல்ல, விறைப்பு. வாக்கரை மூத்த மருமகள் பரணில் ஏற்றினார். அடுத்த முறை இடையீட்டு மையத்துக்குப் போகும்போது மாமியாரையும் அழைத்துப் போனோம். இரட்டைக் குழந்தை, குறைமாதம், மூளையில் நீர் அறைகளை ஒட்டிய பகுதிக்கு அப்போது ரத்த ஓட்டம் போதாமை. இதில் தாய் செய்ததோ செய்யாததோ எதுவும் இல்லை என்பதை மருத்துவர் அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தோம். சொன்னார். கிரகணப் பேச்சு அதோடு நின்றதா என்றால், குறைந்தது.

வீட்டில் இருந்ததைக் கொண்டு

ஒரு நாளைக்கு இத்தனை முறை காலை நீட்டி மடக்கு என்று பயிற்சி எழுதிக் கொடுப்பது எங்களுக்கு எளிது. இரட்டையர் உள்ள வீட்டில் அது நடக்காது. நடந்தாலும், வெளியிலிருந்து ஒருவர் இழுத்து நீட்டுவதைவிடக் குழந்தை தானே ஒன்றை எட்டிப் பிடிக்க முயலும்போது மூளை கற்பது அதிகம். அதனால் அன்றாடம் எப்படியும் நடக்கிற வேலைகளையே எடுத்துக்கொண்டோம்.

துணி மாற்றுவதில் தொடங்கினோம், அது மாமியாரின் பொறுப்பு. வெடுக்கென்று விரிக்காமல் முதலில் முழங்கால்களை வயிற்றை நோக்கி மடக்கி, இடுப்பை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டி, விறைப்பு தளர்ந்ததும் விரிப்பது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை. எந்த பிசியோதெரபி மையத்திலும் இவ்வளவு கிடைக்காது.

தூக்குவது இடுப்பில், இரு கால்களும் இரு பக்கமாக. நம் பெண்கள் காலம் காலமாகத் தூக்கும் முறை இந்தக் குழந்தைக்கு வேண்டிய அதே நிலை: தொடைகள் விரிந்து, முதுகு நிமிர்ந்து, கைகள் முன்னால், பார்வை உலகத்தை நோக்கி. தோளில் போட்டுத் தூக்குவதைத்தான் குறைக்கச் சொன்னோம், அப்போது பின்னால் வளைவான்.

தூளியைப் பற்றிக் குழுவில் ஒத்த கருத்து இல்லை. வளைந்து விறைக்கும் குழந்தையைச் சேலைத் தூளி மடக்கி அமைதிப்படுத்துகிறது, உண்மை. ஆனால் அதிலேயே மணிக்கணக்கில் கிடந்தால் தரையில் கற்கும் நேரம் போய்விடும். அழுதால் சற்று நேரம் தூளி, விழித்திருந்தால் பாய், தூக்கம் சமதளத்தில் மல்லாந்து என்று முடிவு செய்தோம். பாயில் குப்புறக் கிடத்தி மார்புக்கடியில் சுருட்டிய துண்டு; முன்னால் பளபளக்கும் எவர்சில்வர் டம்ளர். கடையில் வாங்கிய பொம்மைகளைவிட அந்த டம்ளரைத்தான் அவன் துரத்தினான்.

எட்டாம் மாதத்துக்குப் பிறகு சமையலறை மணையில் உட்காரவைத்து, பாதம் தரையில் சமமாகப் படும்படி மூத்த மருமகளின் பிள்ளைகள் எதிரில் விளையாடினார்கள். இரு கால்களையும் பின்னால் மடித்து நடுவில் உட்கார்வதே அவனுக்கு எளிதாக வந்தது. பார்க்கும்போதெல்லாம் மாற்றி உட்காரவைக்க வேண்டியிருந்தது. ஒரு வயதுக்குப் பின் திண்ணை. அதன் விளிம்பு அவன் நெஞ்சு உயரம். அதைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர மாமனார் திண்ணையின் மறுகோடியில் உட்கார்ந்து அழைப்பார். அதுவரை எதிலும் கலந்துகொள்ளாதவர் அவர்.

தாய்க்கு இதில் என்ன பங்கு என்று வாசிப்பவர் கேட்கலாம். வேண்டுமென்றே குறைவாக வைத்தோம். அப்போது அவர் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, நாங்கள் பேசினால் தலையாட்டுவார். சோர்வா, மன அழுத்தமா என்று நாங்களே முடிவு செய்யாமல் மாவட்ட மனநல மருத்துவரிடம் அனுப்பினோம். சில மாதம் மாத்திரை எடுத்தார், பால் கொடுப்பதைத் தொடரக்கூடிய மாத்திரையாகப் பார்த்தே கொடுத்தார்கள். குழந்தைக்குச் சிகிச்சையாளராகவும் தாயை மாற்றிவிட்டால் அவர் எப்போது தாயாக இருப்பது என்று எங்கள் சிறப்புக் கல்வியாளர் கேட்டார். இரவில் பையனைப் பக்கத்தில் போட்டுக் கதை பேசுவது மட்டும் அவர் வேலை என்று ஆயிற்று.

தங்கையின் முறை

பையன் வீட்டின் கவனத்தை முழுதாக எடுத்துக்கொண்டபோது பெண் தொந்தரவு தராத குழந்தையாகிவிட்டாள். நேரத்துக்குத் தவழ்ந்தாள், நடந்தாள். திருத்திய வயது ஒன்றரையில் அவளிடம் மூன்று சொற்களே இருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை என்பதால் முதலில் செவிப்புலனை மறுபடி பார்த்தோம். பிறந்தபோது செய்த எளிய பரிசோதனையில் தேறியிருந்தாலும், இத்தகைய குழந்தைகளுக்குச் செவி நரம்பையும் சோதிக்கும் பெரா தேவை. அது சரியாக இருந்தது. பையனோடு எல்லோரும் வேலை செய்யும்போது அவளுக்குக் கையில் மொபைல் கொடுத்து மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். மொபைலை நிறுத்தி, அண்ணனின் பயிற்சியிலேயே அவளையும் சேர்த்தோம். டம்ளரை உருட்டுவது, எண்ணுவது, "கொடு", "வா" என்று அவனை அழைப்பது. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசினாள். இன்னும் கண்காணிப்பில்தான் இருக்கிறாள்.

விளைவு

பையனுக்குத் திருத்திய வயது 13 மாதத்தில், எம்ஆர்ஐ பார்த்த பிறகு, இரு கால்களை அதிகம் பாதிக்கும் விறைப்பு வகை மூளை முடக்குவாதம் என்று உறுதிசெய்யப்பட்டது. குடும்பம் அதிர்ச்சியடையவில்லை, பத்து மாதமாக அறிந்திருந்ததற்கு ஒரு தாள் கிடைத்தது. 11 மாதத்தில் கையூன்றாமல் உட்கார்ந்தான். இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் குழந்தைகளில் பெரும்பாலோர் பின்னர் ஏதாவது ஒரு வகையில் நடக்கிறார்கள் என்பதைத் தந்தைக்குச் சொல்ல முடிந்தது. கணுக்காலை நேராகத் தாங்கும் ஸ்ப்ளின்ட் போடத் தொடங்கி, இரண்டே கால் வயதில் திண்ணையை விட்டுச் சில அடிகள் நடந்தான். இப்போது சமதரையில் நடக்கிறான். படி ஏற, கூட்டத்தில் போகக் கை வேண்டும். பேச்சு சரளம். வலது கை இடது கையைவிடத் தேர்ச்சி.

தொடங்கியது முன்னதாக என்பதால்தான் இந்த அளவு வந்தான் என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை; ஒரு குழந்தையை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. அவனுக்கு இருந்த பாதிப்பே மிதமானதாக இருந்திருக்கலாம். இடுப்பு மூட்டு இதுவரை நழுவவில்லை, கணுக்கால் தசை நிலையாகச் சுருங்கிவிடவில்லை என்பது மட்டும் பதிவு.

மாற்றிக்கொண்டவை

எடையை வைத்து வருகையை முடிவு செய்வதை நிறுத்திவிட்டோம். தலை ஸ்கேனில் எழுதியிருப்பது, மூச்சு நின்றுபோன நிகழ்வுகள், வலிப்பு, பரிசோதனை மதிப்பெண் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம். எடை பாலுக்கும் தொற்றுக்கும் நல்ல அளவுகோல், மூளைக்கு அல்ல. இரட்டையர் என்றால் அடிக்கடி பார்க்க வேண்டியவரின் கால அட்டவணைதான் இருவருக்கும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "மறுபடி செய்யவும்" என்ற சொல் எங்கே வந்தாலும் முதல் நாளே தனித் தாளில் எடுத்து எழுதித் தேதியோடு சுவரில் ஒட்டுகிறோம். சிறிய வேலை, ஆனால் ஒரு குழந்தையின் பிரச்சினை மற்றதன் பிரச்சினையை மூடிவிடும் வீடுகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியவில்லை.

புகுந்த வீட்டுக்குப் போகும் மாதத்தை முதல் வருகையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். போவதற்கு முன் ஒருமுறை தந்தையின் தாயைத் தாய்வீட்டுக்கு வரச் சொல்லி, அங்கேயே எல்லாம் காட்டிவிடுகிறோம். எல்லா வீட்டிலும் இது நடப்பதில்லை. சம்பந்திகளுக்குள் வருத்தம் இருந்தால் வரமாட்டார்கள். அப்போது வீடியோ அனுப்புகிறோம். அங்குள்ள கிராம சுகாதார செவிலியருக்குப் பழைய செவிலியரே போனில் பேசிவிடுவது என்று ஏற்பாடு.

துணி மாற்றுவது எப்படி இருக்கிறது என்ற கேள்வி இப்போது எங்கள் பதிவேட்டில் நிலையான கேள்வி. அதை யாரிடம் கேட்பது என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம்: பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார்?

பையனுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இடுப்பு எக்ஸ்ரே தொடர வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைத்துவிட்டது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை அதில் கிடைக்கும். அங்கன்வாடியில் பெண்ணை உடனே சேர்த்துக்கொண்டார்கள். பையனை, நடை சரியான பிறகு பார்க்கலாம் என்றார்கள். மாமியார் இருவரையும் அழைத்துப்போய் இருவரையும் உட்காரவைத்துவிட்டு வந்தார். வாசல்படிக்கு ஒரு கைப்பிடி வேண்டும் என்று ஊராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறோம்; இன்னும் பதில் வரவில்லை.